மாடு கொடுத்தவங்க வீட்டுப் புள்ள: நாண்டி நாட்டுல பெண்ணைக் கட்டுற பெண்கள்

கென்யாவோட மேற்குப் பக்கத்துல நாண்டி மலைப்பகுதின்னு ஒண்ணு இருக்கு. தேயிலைத் தோட்டம், மக்காச்சோளக் காடு, மாடு, மழைன்னு பச்சப்பசேல்னு கெடக்கிற இடம், கப்சபெட்ங்கிறதுதான் அங்க பெரிய டவுன். ஓட்டப்பந்தயம் பாக்குறவங்களுக்கு இந்தப் பேரு புதுசா இருக்காது, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல 1500 மீட்டர் தங்கம் வாங்குன கிப்சோகே கெய்னோவும், நம்ம காலத்துல மாரத்தான்ல உலகத்தையே திரும்பிப் பாக்க வச்ச எலியுட் கிப்சோகேவும் இந்த நாண்டி ஜனங்கதான். ஆனா நான் எழுத வந்தது ஓட்டத்தப் பத்தி இல்ல. இதே ஜனங்ககிட்ட ரொம்ப காலமா இருந்துட்டு வர்ற ஒரு கல்யாண முறையப் பத்தி. வயசான ஒரு பொம்பள, ஒரு இளம்பொண்ணோட வீட்டுக்குப் போயி முறையா பேசி, பரிசமா மாடு கொடுத்து, சடங்கு பண்ணி, அந்தப் பொண்ண தனக்கு மனைவியா கூட்டிட்டு வர்றது.

இத கேட்ட உடனே பெரும்பாலான ஆளுங்க ரெண்டே கேள்விதான் கேக்குறாங்க, ஒண்ணு "அப்ப அந்தக் காலத்துலயே ஒருபாலினக் கல்யாணம் இருந்துச்சா", இன்னொண்ணு "அப்ப புள்ள எப்படிப் பொறக்கும்". ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஆனா ரெண்டுலயும் ஆரம்பிச்சா இந்த விஷயம் பிடிபடாது. மாட்டுல இருந்து ஆரம்பிக்கணும். நாண்டி வீட்டுல மாடு யாருக்குச் சொந்தம்ங்கிறது புரிஞ்சா மத்ததெல்லாம் தன்னால புரியும்.

நாண்டி ஆம்பள ஒருத்தர் ரெண்டு மூணு பொண்டாட்டி கட்டுறது பழைய நாள்ல சாதாரணம். ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு. வீடுன்னா சுவரும் கூரையும் மட்டும் இல்ல, அது ஒரு தனிக் கணக்கு. இந்த மனைவிக்கு இவ்வளவு மாடு, இந்தத் துண்டு நிலம்னு பிரிச்சு விட்டுட்டா அது அந்த வீட்டோடது, அதத் தூக்கி இன்னொரு மனைவி வீட்டுக்குக் கொடுக்க புருஷனாலயே அவ்வளவு லேசுல முடியாது. அந்த வீட்டுல ஒரு மக பொறந்து அவளுக்குக் கல்யாணம் ஆகும்போது மாப்பிள்ளை வீட்டுல இருந்து பரிசமா வர்ற மாடு இருக்கு பாருங்க, அது முழுக்க முழுக்க அவ பொறந்த வீட்டுக் கணக்குலதான் சேரும். அந்த மாட்ட வச்சுத்தான் அவ கூடப் பொறந்தவனுக்குப் பொண்ணு எடுப்பாங்க. இப்படி அம்மா வீட்டுச் சொத்து அதே அம்மா பெத்த மகன்களுக்குப் போறதுதான் முறை. ஆராய்ச்சி பண்றவங்க இத வீட்டுவழிச் சொத்து முறைன்னு சொல்வாங்க, ஆப்பிரிக்காவோட கிழக்குலயும் தெற்குலயும் நிறைய இடத்துல இது உண்டு.

இப்ப அந்த வீட்டுல மகனே பொறக்கலன்னா?

இந்த எடத்துல ஒண்ண கவனிக்கணும், புள்ளையே இல்லாத பொம்பளைய மட்டும் நான் சொல்லல. அஞ்சு பொண்ணு பெத்தவளும் நாண்டி கணக்குல வாரிசு இல்லாதவதான். அதுலயும் மனசு கஷ்டப்படுற விஷயம் என்னன்னா, அஞ்சு பொண்ணு இருந்தா அஞ்சு தடவ பரிச மாடு வந்து சேரும், அப்ப அவ வீட்டுத் தொழுவம்தான் அந்த வட்டாரத்துலயே நிறைஞ்சு இருக்கும், ஆனா அந்த மாட்டுல ஒண்ண கூட பெத்த பொண்ணுக்கு வாரிசுச் சொத்தா எழுதி வைக்க முடியாது, ஏன்னா பொண்ணு இன்னொரு குலத்துக்குப் போயிட்டா. அவ காலத்துக்குப் பிறகு அத்தனையும் சக்களத்தி மகனுக்கோ, புருஷனோட அண்ணன் தம்பி மகன்களுக்கோ போயிடும். தன் பொண்ணுங்க கல்யாணத்துல வந்த மாட்ட, அதுவரைக்கும் தன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தவ மகன் ஓட்டிட்டுப் போவான். இது எவ்வளவு பெரிய வயித்தெரிச்சல்னு நாண்டி மொழி தெரியாதவங்களுக்கும் புரியும்.

அந்த நெலமையில அவளுக்கு ஒரு வழி, கடைசிப் பொண்ண கட்டிக் கொடுக்காம வீட்டுலயே வச்சுக்கிறது. அந்தப் பொண்ணு தனக்குப் பிடிச்ச ஆளோட பழகி மகன் பெத்தா, பரிசம் யாரும் கொடுக்காததால அந்தப் பையன் அம்மா வீட்டுக்கே வாரிசு ஆயிடுவான். இன்னொரு வழிதான் நாம பேசிட்டு இருக்கிறது, தொழுவத்துல இருக்கிற மாட்டக் கொடுத்து, தானே ஒரு மனைவியக் கட்டிக்கிறது. இதுக்கு நாண்டியில கிடும் ச்சி டொலோச்னு பேரு.

கல்யாணம் நடக்குற விதத்துல எந்தக் குறையும் வைக்க மாட்டாங்க. பொண்ணு வீட்டுக்குப் பேச ஆள் போறது, ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து மாட்டு எண்ணிக்கை பேசுறது, குலம் ஒத்து வருதான்னு பாக்குறது, கல்யாணச் சடங்கு எல்லாமே ஒரு ஆம்பள கட்டுனா எப்படியோ அப்படியேதான். மாப்பிள்ளை இடத்துல இந்த அம்மா. பெரும்பாலும் புள்ள பெக்கிற வயசத் தாண்டுனவங்களா இருப்பாங்க. சிலருக்குப் புருஷன் உயிரோட இருப்பாரு, சிலர் விதவை. புருஷன் இருந்தா கூட இதுக்கப்புறம் அவரோட தாம்பத்யம் இருக்கக் கூடாது, வேற எந்த ஆம்பளையோடயும் இருக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. ஏன்னா தப்பித் தவறி அவங்களுக்கே ஒரு புள்ள பொறந்துட்டா வாரிசுக் கணக்கு மொத்தமும் குழம்பிப் போயிடும். அதோட ஊரு அவங்கள இனிமே ஆம்பளன்னு சொல்லும். "ஆம்பளைங்க பக்கத்துக்கு உயர்ந்துட்டாங்க" அப்படிங்கிற அர்த்தத்துல நாண்டியில ஒரு சொலவடையே இருக்கு.

புள்ள எப்படிங்கிற கேள்விக்கும் இங்கயே பதில் வந்துடுது. இளம் மனைவிக்கு ஒரு ஆம்பளத் துணை இருப்பாரு. சில வீட்டுல அந்த அம்மாவே பாத்து ஏற்பாடு பண்ணுவாங்க, நிறைய வீட்டுல அவளே பாத்துப்பா. அவரு ராத்திரி வருவாரு போவாரு, ஆனா பொறக்குற புள்ளைங்க மேல அவருக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது. அப்பான்னு உரிமை கொண்டாடவும் முடியாது, புள்ளைய கூட்டிட்டுப் போகவும் முடியாது. மாடு கொடுத்தது யாரு? அந்த அம்மா. அப்ப புள்ள அந்த அம்மா வீட்டோடது, அவங்க புருஷன் குலத்தோட பேரு சொல்ற புள்ள. இந்த ஒரே ஒரு விதிய பிடிச்சுக்கிட்டா போதும். நாண்டி கணக்குல ஒரு புள்ளைக்கு அப்பன் யாருன்னு முடிவு பண்றது ரத்தம் இல்ல, தொழுவத்துல இருந்து போன மாடு. ஆம்பள-பொம்பள கல்யாணத்துலயும் இதே விதிதான், பொம்பள-பொம்பள கல்யாணத்துக்குன்னு புதுசா எதையும் கண்டுபிடிக்கல.

ரெஜின் ஸ்மித் ஓபோலர்னு ஒரு அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் 1970-கள்ல நாண்டி ஊர்ல தங்கி இதப் பத்தி வேலை செஞ்சாங்க, 1980-ல அவங்க எழுதுன கட்டுரையோட கேள்வியே "கணவனா இருக்கிற இந்தப் பெண் ஆம்பளையா?" அப்படிங்கிறதுதான். அவங்க பாத்தது ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு. ஊர்ல யாரக் கேட்டாலும், "ஆமா அவங்க ஆம்பளதான், ஆம்பளைங்க கூட்டத்துக்கு வரலாம், பையன்களோட சுன்னத்துச் சடங்குக்கு வரலாம், பொம்பளைங்க வேலை செய்ய வேண்டியது இல்ல" அப்படின்னு அடிச்சுச் சொல்றாங்க. ஆனா நெசத்துல போயிப் பாத்தா அந்த அம்மாக்கள் ஆம்பளைங்க கூட்டத்துக்குப் போறதே ரொம்ப அபூர்வம், பழைய சிநேகிதிங்களோடதான் உக்காந்து பேசுறாங்க, பழைய மாதிரியேதான் உடுத்துறாங்க. அப்ப ஊரு ஏன் அவ்வளவு பிடிவாதமா ஆம்பளன்னு சொல்லுது? ஓபோலர் சொல்ற பதில் இதுதான்: கோழி, கீரை, காய்கறி மாதிரி சின்னச் சின்ன வரவு பொம்பளைங்களுக்கு, மாடும் நிலமும் ஆம்பளைங்களுக்கு, அத அடுத்த தலைமுறைக்குக் கைமாத்தி விடுறதும் ஆம்பளைங்க வேலைன்னு ஒரு அசையாத விதி அங்க இருக்கு. ஒரு பொம்பள அதச் செய்யுறான்னா, ஒண்ணு அந்த விதிய மாத்தணும், இல்ல அந்தப் பொம்பளைய ஆம்பளன்னு சொல்லணும். ஊரு ரெண்டாவத எடுத்துக்கிச்சு. சொத்து கைமாறுற எடத்துல மட்டும் அவங்க கண்டிப்பா ஆம்பள, மத்த எடத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் யாரும் கண்டுக்கிறது இல்ல.

எனக்கு இந்த எடம் ரொம்ப முக்கியமாப் படுது. இத "ஆப்பிரிக்கப் பொம்பளைங்க அப்பவே எவ்வளவு சுதந்திரமா இருந்தாங்க பாருங்க"ன்னு கொண்டாடுறவங்களும் உண்டு, "ஆணாதிக்கம் பொம்பள கையாலயே தன் வேலையச் செஞ்சுக்குது"ன்னு ஒரே வரியில முடிச்சுடுறவங்களும் உண்டு. ரெண்டுலயும் அந்த அம்மா காணாமப் போயிடுறாங்க. மகன் இல்லன்னா நீ ஒண்ணுமில்லன்னு சொல்ற ஒரு சட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, அந்தச் சட்டத்த உடைக்கிற பலம் தனக்கு இல்லன்னு தெரிஞ்சு, அதே சட்டத்தோட வார்த்தைய எடுத்து, "சரி, மாடு கொடுத்தவந்தானே அப்பன், நான் மாடு கொடுக்குறேன்"னு சொல்றதுக்கு எவ்வளவு தெளிவு வேணும். அதுவும் பொண்ணுங்க கல்யாணத்துல வந்த மாட்ட வச்சு! மக போன வழியில வந்த மாடு, மனைவி வர்றதுக்குப் போகுது.

இது நாண்டி ஜனங்ககிட்ட மட்டும் இருக்கிற வழக்கம் இல்ல. கென்யாவுலயே கிப்சிகிஸ், கிசி, கம்பா, கிகுயு, குரியா ஜனங்ககிட்ட உண்டு, ஆப்பிரிக்கா முழுக்க எடுத்தா 30-க்கும் மேல சமூகங்கள்ல பதிவாகி இருக்கு. ஆனா காரணமும் முறையும் எடத்துக்கு எடம் மாறுது, எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டக் கூடாது.

தெற்கு சூடான் நூயர் ஜனங்களப் பத்தி எவன்ஸ்-பிரிட்சர்ட்ங்கிற பிரிட்டிஷ் மானுடவியல் ஆய்வாளர் 1951-ல எழுதி இருக்காரு. அங்க கட்டுறது பெரும்பாலும் புள்ள பெறாத பொம்பள. நூயர் வழக்கத்துல மலடுன்னா அவள ஒதுக்கி வைக்கிறது இல்ல, ஒரு வகையில அவள ஆம்பளையாவே எண்ணிக்கிறாங்க. கூடப் பொறந்தவங்க மகள் கல்யாணத்துல ஒரு சித்தப்பா பெரியப்பாவுக்கு எந்த மாட்டுப் பங்கு வருமோ அந்தப் பங்கு அவளுக்கும் வரும். அதோட குறி சொல்றது, வைத்தியம் பாக்குறதுன்னு சம்பாதிக்கிற பொம்பளைங்களும் உண்டு, அதுலயும் மாடு சேரும். மாடு சேந்ததும் ஒண்ணோ ரெண்டோ மனைவி கட்டிக்கிறா. புள்ள பெக்க ஒரு சொந்தக்காரனையோ அக்கம்பக்கத்துல ஒருத்தனையோ, பல சமயம் பக்கத்து டிங்கா இனத்து ஏழை ஆள் ஒருத்தனையோ ஏற்பாடு பண்ணிக்குவா, அவன் தொழுவத்துலயும் காட்டுலயும் ஆம்பள வேலையெல்லாம் பாத்துக் கொடுப்பான், பின்னாடி அந்தப் பொண் புள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகும்போது பெத்ததுக்குன்னு ஒரு பசு அவனுக்குக் கொடுப்பாங்க, அவ்வளவுதான் அவன் பங்கு. புள்ளைங்க "அப்பா"ன்னு கூப்பிடுறது அந்தப் பொம்பளையத்தான். அவ மனைவிகிட்ட வேற ஒருத்தன் அனுமதி இல்லாம வந்தான்னா நஷ்டஈடு கேக்குற உரிமையும் அவளுக்கு உண்டு.

தென்னாப்பிரிக்காவுல லிம்போபோ பக்கம் லொவெடு ஜனங்க, மழை ராணி மொஜாஜி வம்சம் ஆண்ட நாடு. அங்க ராணிக்கே மனைவிமார் உண்டு. ஊர் ஊரா இருக்கிற தலைவர்கள் தங்க பொண்ணுங்கள ராணிக்கு மனைவியா அனுப்புவாங்க, ராணி அவங்கள்ல சிலர வேற இடத்துக்குக் கட்டிக் கொடுப்பாங்க, இப்படி பொண்ணு வந்து போற பாதையிலதான் மொத்த ராஜ்ஜியமும் முடிச்சுப் போட்டு நின்னுச்சு. சண்டை, படைன்னு இல்லாம மாமன் மச்சான் உறவுலயே ஆட்சி. ராணி மட்டும் இல்ல, சாதாரணப் பொம்பளைக்கும் அங்க ஒரு உரிமை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச உரிமை அது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகி வந்த மாட்ட வச்சுத்தான் தம்பிக்குப் பொண்ணு எடுத்தாங்கன்னா, அந்தத் தம்பி வீடு அக்கா மாட்டுல எழுந்த வீடு. அதனால தம்பி மகள் ஒருத்திய தன் வீட்டுக்கு மருமகளா கேக்குற உரிமை அக்காவுக்கு உண்டு. மகன் இல்லன்னா? உரிமை போயிடாது, அத்தையே அவள கட்டிக்கலாம். நம்ம பக்கத்துல அத்தை மகன், மாமன் மகள்னு உரிமை பேசி வளர்ந்தவங்களுக்கு இதுல முக்கால்வாசி ஏற்கனவே தெரிஞ்ச கணக்குதான், அந்தக் கடைசிப் படி மட்டும்தான் புதுசு.

நைஜீரியாவுல இக்போ ஜனங்ககிட்ட கதை வேற மாதிரி. அங்க வாரிசு ஒரு காரணம், பணமும் அந்தஸ்தும் இன்னொரு காரணம். சந்தை வியாபாரத்துல பெருத்த பொம்பளைங்க மனைவி கட்டுனாங்க, வேலைக்கு ஆள், வீட்டுக்குக் கூட்டம், ஊர்ல பேரு. பிரிட்டிஷ்காரன் காலத்துல எனுகு-எசிகே ஊர்ல அஹெபி உக்பாபேன்னு ஒரு பொம்பள அரசாங்கம் நியமிச்ச தலைவராவே ஆகி, அப்புறம் தன்னை ராஜான்னே அறிவிச்சுக்கிட்டாங்க, அவங்களும் மனைவிமார் கட்டி இருக்காங்க. நோபி ஊர்ல ஆராய்ச்சி பண்ணி 1987-ல புத்தகம் போட்ட இஃபி அமடியூமே அதே ஊர்க்காரங்க, அவங்க ஒரு விஷயத்துல ரொம்பக் கறாரா இருந்தாங்க: மேல்நாட்டுல சிலர் இந்தக் கல்யாணத்த லெஸ்பியன் உறவுன்னு எடுத்துக்கிறாங்க, அது எங்க ஊர்ப் பொம்பளைங்களப் புரிஞ்சுக்காம அவங்க ஆசைய எங்க மேல ஏத்துறதுன்னு கோவமாவே எழுதுனாங்க.

நாண்டி ஊர்லயும் கேட்டா இதே பதில்தான் வரும், படுக்கைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அந்த அம்மா யார் கூடயும் படுக்கக் கூடாதுன்னுதானே விதி. அதனால இத ஒருபாலினக் கல்யாணத்தோட பழைய வடிவம்னு கொண்டாடுறதும் சரியா வராது, அது மேல இருக்கிற வெறுப்ப இது மேல கொண்டு வந்து கொட்டுறதும் சரியா வராது. ஆனா அதுக்காக இது வெறும் சொத்து ஏற்பாடு மட்டும்தான், பாசம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னும் சொல்லிட முடியாது. கிகுயு பொம்பளைங்ககிட்ட பேசி 2000-ல ஒரு கட்டுரை எழுதுன வைரிமு ங்காருயா ஞாம்பியும் வில்லியம் ஓ'பிரையனும் அந்தப் பக்கத்தத்தான் காட்டுனாங்க. புருஷன்-பொண்டாட்டின்னு பங்கு பிரிச்சுப் பாக்குறதே அந்தப் பொம்பளைங்களுக்கு ஒட்டல, யாரும் ஆம்பளையா மாறிட்டதா சொல்லிக்கல, சேந்து விவசாயம் பாக்குறது, புள்ளைய வளக்குறது, தனிமை போறது, ஒருத்தி மேல ஒருத்திக்கு இருக்கிற பிரியம்னு காரணம் பல. நாண்டியில ஆம்பளன்னு சொல்லியே தீரணும், கிகுயுல அப்படி ஒண்ணும் தேவையில்ல. ஒரே நாட்டுக்குள்ளயே இவ்வளவு வித்தியாசம்.

சரி, இது வரைக்கும் நான் சொன்னது எல்லாமே மாடு வச்சிருக்கிற பெரியவங்க பக்கத்துக் கதை. நெறைய பேர் எழுதுறதும் அங்கயே நின்னு போயிடுது. கட்டிட்டு வந்த பொண்ணு?

அவ ஏன் சம்மதிக்கிறா? காரணம் நெஜமாவே இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு புள்ள பெத்துட்ட பொண்ணு, உடம்புல ஏதோ குறைன்னு தட்டிக் கழிக்கப்பட்ட பொண்ணு, ரொம்ப ஏழ்மையான வீட்டுப் பொண்ணு, இவங்களுக்கு ஆம்பள மாப்பிள்ளை வந்தா ரெண்டாந்தாரமாவோ மூணாந்தாரமாவோதான் வரும். இங்க வந்தா வீட்டுல ஒரே மனைவி, தன் மகனுக்குன்னு உறுதியா நிலம், மாடு. மாமியார் மாதிரி ஒரு ஆள்தான் புருஷன், குடிச்சுட்டு வந்து அடிக்கப் போறது இல்ல. யாரோட பழகுறதுங்கிறதுலயும் ஒரு அளவுக்கு அவ இஷ்டம்.

தான்சானியாவுல மாரா பகுதி, தாரிமே பக்கம் இருக்கிற குரியா ஜனங்ககிட்ட இதையே இன்னும் பளிச்சுனு பாக்கலாம். அங்க இதுக்கு நியும்பா ந்தோபுன்னு பேரு, பொம்பளைங்க வீடுன்னு அர்த்தம் சொல்றாங்க. குரியா ஊர்ல ஆம்பளைங்க பொண்டாட்டிய அடிக்கிறது ரொம்ப அதிகம், அதனால புருஷன்கிட்ட அடி வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்னு இளம்பொண்ணுங்களே இத விரும்பி வர்றாங்கன்னு கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல பத்திரிக்கைக்காரங்க போயிப் பேசி எழுதி இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சமைச்சு, சாப்பிட்டு, காட்டு வேலை பாத்து, புள்ளைங்கள வளக்குறாங்க. அந்த ஊர்ல ஒரு பொம்பளைக்குப் பயம் இல்லாம ராத்திரி தூங்குறதுங்கிறது சின்ன விஷயம் இல்ல, அத குறைச்சு மதிப்பிட எனக்கு மனசு வரல.

ஆனா அதே குரியா ஊர்லதான், இன்னும் படிப்பு முடிக்காத சின்னப் பொண்ண அப்பன் மாட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு கெழவிக்குக் கட்டிக் கொடுத்த கதைகளும் வருது. அங்க அந்தப் பொண்ணுக்கு எந்த இஷ்டமும் இல்ல, வேலைக்காரி மாதிரி நடத்துறாங்க, யாரோட படுக்கணும்ங்கிறதயும் அந்தம்மாவே முடிவு பண்றாங்க. பதிமூணு பதினாலு வயசுப் பொண்ணுக்கு கட்டுனது ஆம்பளையா பொம்பளையாங்கிறது ஒரு வித்தியாசமும் பண்ணாது. அதோட அந்த ஒரே விதி இங்க திரும்பி வந்து அவளையே அடிக்குது: மாடு கொடுத்தவங்க வீட்டுப் புள்ள. அவ பிடிக்காம கெளம்பிப் போகணும்னா அப்பன் வீட்டுல வாங்குன மாட்டத் திருப்பிக் கொடுக்கணும், அப்பன் அத வச்சு மகனுக்குப் பொண்ணு எடுத்து அந்த மாடு எப்பவோ வேற தொழுவத்துக்குப் போயிருக்கும். திருப்ப முடியலன்னா புள்ளைங்கள விட்டுட்டு அவ மட்டும் போகணும். பெரியவங்களுக்கு வீட்டக் காப்பாத்திக் கொடுத்த அதே கணக்குதான் சின்னவள அந்த வீட்டுல கட்டிப் போடுது. அதனாலதான் இந்த வழக்கம் நல்லதா கெட்டதான்னு யாராவது கேட்டா, யாருக்கு, எந்த வயசுல, யார் சம்மதத்துலன்னு நான் திருப்பிக் கேக்குறேன்.

இப்ப இது குறைஞ்சுட்டு வருது. சர்ச்சு ஒரு காரணம், கிறிஸ்தவக் குடும்பங்கள் இத வெளிய சொல்லவே கூச்சப்படுறாங்க. படிப்பு ஒரு காரணம். நிலத்துக்கு தனித்தனியா பட்டா வந்ததும் பழைய வீட்டுக் கணக்கு உடைஞ்சது. எல்லாத்துக்கும் மேல வாரிசுச் சட்டம் மாறிடுச்சு, 1981-ல அமலுக்கு வந்த கென்யாவோட வாரிசுரிமைச் சட்டம் மகன் மகள்னு பாகுபாடு பாக்கல, 2005-ல அப்பீல் கோர்ட் ஒரு வழக்குல, கல்யாணம் ஆகிப் போயிடுவாங்கங்கிற காரணத்துக்காக பொண்ணுங்களுக்குப் பங்க குறைக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. பொண்ணுக்கே எழுதி வைக்கலாம்னா மனைவி கட்ட வேண்டிய அவசியம் பாதி போச்சு. ஆனா கோர்ட் சொன்னதும் ஊர் உடனே மாறிடுமா, மாறல, இன்னைக்கும் ஊர்ப் பெரியவங்க முன்னாடி உக்காந்து நிலம் பிரிக்கிறப்ப மகன் இருக்கானான்னுதான் கேக்குறாங்க.

சட்டம் இந்தக் கல்யாணத்த என்னன்னு பாக்குதுங்கிறதும் நாட்டுக்கு நாடு வேற. நைஜீரியாவுல 1976-லயே சுப்ரீம் கோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்துச்சு. கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான், ஒரு பொம்பள இன்னொரு பொம்பளையக் கட்டுறத நாங்க ஏத்துக்க மாட்டோம்னு சொன்ன நீதிபதிங்க, அந்த வழக்குல நடந்தது அது இல்ல, புள்ள இல்லாத மனைவி தன் புருஷனுக்காக இன்னொரு பொண்ணப் பாத்துக் கட்டி வச்சதுதான்னு அர்த்தம் பண்ணி, பொறந்த பையனோட உரிமையக் காப்பாத்துனாங்க. பையன் தப்பிச்சான், வழக்கம் மாட்டிக்கிச்சு. அப்புறம் 2014 ஜனவரியில கையெழுத்தான சட்டம் ஒருபாலினக் கல்யாணத்துக்கு 14 வருஷம் ஜெயில்னு வந்துச்சு.

கென்யாவுல வேற மாதிரி போச்சு. யூஜீன் கோட்ரன்ங்கிற சட்ட அறிஞர் 1968-ல ஒவ்வொரு ஜனத்தோட கல்யாண வழக்கத்தையும் சட்டப் புத்தகமா தொகுத்தப்பவே நாண்டி பொம்பள-பொம்பள கல்யாணத்தையும் அதுல எழுதி வச்சாரு. 2010-ல வந்த புது அரசியல் சாசனம் ஒரு பக்கம் எதிர்பாலினத்தவரக் கட்டிக்கிற உரிமை எல்லா வயசு வந்தவங்களுக்கும் உண்டுன்னு சொல்லுது, இன்னொரு பக்கம் பண்பாடுதான் இந்த நாட்டோட அடித்தளம்னும் சொல்லுது. இந்த ரெண்டுக்கும் நடுவுல 2011-ல மொம்பாசா ஹைகோர்ட்டுல ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வந்துச்சு. நாண்டி ஜனத்தச் சேந்த வயசான அம்மா ஒருத்தங்க, ஊர விட்டு கடற்கரை ஓரத்துல மொம்பாசாவுல வாழ்ந்தவங்க, புள்ள இல்ல, வழக்கப்படி ஒரு பொண்ணக் கட்டி இருந்தாங்க, அந்தப் பொண்ணுக்குக் குழந்தைங்களும் இருந்துச்சு. அந்த அம்மா இறந்ததும் சொந்தக்காரங்க வந்து இந்தப் பொண்ணு யாரு, இவளுக்கு எப்படி சொத்துன்னு கேட்டாங்க.

மாடு வச்சிருந்தவங்க போயிட்டாங்க, இப்ப கோர்ட்டுல நிக்கிறது சின்னவ. இத்தனை வருஷமா புத்தகத்துல ஒரு வரியில வந்து போன அந்த இளம் மனைவி, தானே மனு போட்டு, நான் இவங்களோட மனைவி, என் புள்ளைங்க இவங்க வீட்டுப் புள்ளைங்கன்னு சொல்றா. கல்யாணம் எப்படி நடந்துச்சு, யார் யார் வந்தாங்க, என்ன சடங்கு பண்ணாங்கன்னு ஊர்க்காரங்க சாட்சி எழுதிக் கொடுத்தாங்க. நீதிபதி ஜே.பி. ஓஜ்வாங் எல்லாத்தையும் படிச்சுட்டு, நாண்டி வழக்கம் உண்மையிலேயே இப்படி ஒரு கல்யாணத்த ஏத்துக்குது, வாரிசுச் சட்டம் சொல்ற மனைவிங்கிற வார்த்தைக்குள்ள இந்தப் பொண்ணும் வர்றா, குழந்தைங்களும் வர்றாங்கன்னு தீர்ப்பு எழுதுனாரு. இறந்து போன அந்த அம்மாவோட சொத்த நிர்வாகம் பண்ற உரிமை அவ பேர்லயே கொடுக்கப்பட்டுச்சு.